விலைக்கு வந்த நடுச்சுவர்

அந்த புரோக்கர் எங்கள் கேட்டில் கை வைக்கும் சத்தம் கேட்டாலே நான் சொம்பை எடுக்கும் சாக்கில் அடுக்களைக்குள் போய்விடுவேன். மனுஷன் நல்லவர்தான். செருப்பை வெளியிலேயே கழற்றுவார். தண்ணீர் கொடுத்தால் சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்துவிட்டு, "உங்க ஊட்டுத் தண்ணி மாதிரி வராதுக்கா" என்பார். அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டே அந்த வீட்டை இடிப்பதைப் பற்றியும் பேசுவார்.

"இன்னாக்கா, இன்னா முடிவு பண்ணீங்க? மெட்ரோ வந்துகினு கீது. இப்ப உட்டீங்கன்னா இந்த வெல அப்பறம் கெடைக்காது. வாங்குற பார்ட்டிக்கு ரெண்டு ஊடும் சேர்ந்து ஓணும். ஒன்னு மட்டும்னா அவங்களுக்கு ஆவாது."

ஏன் ஆகாது என்றால் நடுவில் இருப்பது ஒரே சுவர். என் கணவரும் பக்கத்து வீட்டு பாயும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் லேத் ஓட்டியவர்கள். இந்தக் காட்டுப்பாக்கம் முள்ளுக்காடாகக் கிடந்த காலத்தில் பக்கத்துப் பக்கத்து மனையாக வாங்கினார்கள். கட்டும்போது இரண்டு பேருக்கும் ஒரு மகா யோசனை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் தனித்தனியாக எதற்குச் சுவர், ஒன்றே போதாதா, செங்கல் மிச்சம், சிமெண்ட் மிச்சம், இடமும் மிச்சம் என்று. மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "நாளைக்கு ஒருத்தர் விக்கணும்னா என்னாங்க பண்ணுவீங்க?" என்று கேட்டாராம். "நாங்க எதுக்குய்யா விக்கப்போறோம்?" என்று இரண்டு பேரும் சிரித்தார்களாம். இரண்டு வீட்டுக் கூரையும் அந்த ஒரே சுவரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒன்றை இடித்தால் மற்றது நிற்காது.

பாய் போய்ச் சேர்ந்துவிட்டார். பக்கத்து வீட்டில் அவர் மனைவி மட்டும் தனியாக இருக்கிறார். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூடப் பிறந்தவளிடம்கூட அவ்வளவு உரிமையாகச் சண்டை போட்டதில்லை.

எங்கள் தெருவில் மிச்சமிருந்த தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டுக்கொண்டிருந்தன. கீழே கார் நிறுத்தும் இடமும் மேலே அடுக்கடுக்காக வீடுகளுமாக எழும்பின. விற்றவர்கள் சிரித்த முகத்தோடுதான் போனார்கள். அந்தக் காசில் இதே தெருவில் ஒரு பிளாட் வாங்க முடியாமல் திருமழிசை தாண்டிப் போய்க் குடியேறினார்கள் என்பது பிறகுதான் காதில் விழுந்தது. அதைக் கேட்டு விற்கப் பயம். விற்காமல் இருக்கவும் பயம். ரோட்டை உயர்த்தி உயர்த்திப் போட்டு எங்கள் வாசல் பள்ளமாகிவிட்டது. மழை வலுத்தால் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்களா என்று டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். கோவையில் இருக்கும் என் மகன் போனில் கத்துவான். "எல்லாரும் வித்துட்டு நடுவுல நீங்க மட்டும் கெணத்துல ஒக்காந்திருப்பீங்களாம்மா?"

அவனிடம் நான் சொல்லாத பயம் ஒன்று இருந்தது.

என் கணவருக்கு வலிப்பு வரும். கம்பெனியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து வந்த வினை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாலும் எப்போதாவது வந்துவிடும். வந்து போனதும் அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. எழுந்து உட்கார்ந்து, "ஏன் இப்படிப் பேயறஞ்ச மாதிரி நிக்கிறே?" என்று என்னையே கேட்பார். பார்க்கிறவள் நான்தானே! கண் மேலே செருகி, பல் கிட்டித்து, அந்த ஆகிருதி முழுக்க உதறும். ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். தலை தரையில் மோதாமல் பிடிக்க வேண்டும். அவர் எடைக்கு நான் ஒருத்தி போதாது.

அதற்குத்தான் அந்தச் சுவர். கூடத்தில் சுவரோரம் ஒரு சப்பாத்திக் கட்டை எப்போதும் கிடக்கும். அவர் விழுந்தால் ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கட்டையை எடுத்துச் சுவரில் தட்டுவேன். அக்காவிடம் எங்கள் வீட்டுச் சாவி ஒன்று உண்டு. என்ன வேலையில் இருந்தாலும் போட்டது போட்டபடி ஓடிவந்துவிடுவார். ஒருமுறை வெங்காயம் நறுக்கிய கத்தியோடேயே வந்து நின்றார். தட்டித் தட்டி அந்த இடத்தில் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிகிறது. "கட்டையும் கையுமா நின்னு சொவத்த நாசம் பண்ணிட்டா போலீஸ்காரி" என்று இவர் கேலி செய்வார். போன் இருக்கிறதே என்பான் மகன். உதறுகிற மனுஷரை மடியில் வைத்துக்கொண்டு போன் எங்கே என்று தேடிப் பார்க்கட்டும், தெரியும்.

புது பிளாட்டில் நான் எந்தச் சுவரைத் தட்டுவேன்? தட்டினால் யார் வருவார்கள்? இந்த ஒன்றுதான் என்னைப் போட்டு அரித்தது. புரோக்கர் விலையை ஏற்றிச் சொல்லச் சொல்ல என் கண் பூச்சு உதிர்ந்த அந்த இடத்துக்கே போனது. ஆனாலும் தைரியமாக இருந்தேன். இரண்டு வீடும் சேர்ந்தால்தானே விற்க முடியும்? அக்கா ஒருநாளும் ஒத்துக்கொள்ளமாட்டார் என்று நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையில் அக்காவே மண்ணைப் போட்டார். ஒருநாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியை எனக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார்.

"குடுத்துடலாம்மா. நானும் ஆம்பூருக்குப் பொண்ணு வூட்டோட போயிடுறேன். நீயும் புள்ளைக்கிட்ட போயிடு. அங்க கூட ஆள் இருக்கும்."

"அக்கா, நீங்களா சொல்றீங்க?"

"நான்தாம்மா சொல்றேன்."

"ஏன்? திடீர்னு என்னா வந்துச்சு?"

அக்கா முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் வாய் சும்மா இருக்குமா? "காசு ஆசை உங்களையும் உடலையா அக்கா?" என்று கேட்டுவிட்டேன். அக்கா எழுந்தார். வாசல்வரை போய், திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். "நாக்கா அது, தேள் கொடுக்கா?" என்று இவர் என்னைத் திட்டினார்.

அதன் பிறகு பேச்சு நின்றுபோயிற்று. துணி காயப்போடும்போது மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து நான் இருமினால்கூட அக்கா திரும்பவில்லை. ஓகோ, அவ்வளவு ரோஷமா, இருக்கட்டும் என்று நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். முன்பு ஒருநாள் தெருமுனைப் பள்ளிவாசலில் ஒலிபெருக்கியில் பாங்கு சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "பாங்கு சொல்லியாச்சாம்மா?" என்று என்னிடம் கேட்டார். அதையெல்லாம் சேர்த்துப் பார்க்க எனக்கு அறிவு வரவில்லை. கோபத்தில் இருப்பவளுக்கு ஏது அறிவு?

அடுத்த முறை புரோக்கர் வந்தபோது அக்கா சம்மதித்துவிட்டதாகச் சொன்னார். "இனிமே உங்க கையிலதான் கீதுக்கா" என்றார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வேண்டாம் என்றால் அக்காவின் காசை நான் தடுத்ததாகும். சரி என்றால் புது பிளாட்டோ, பகலெல்லாம் மகன் வேலைக்குப் போய்விடும் கோவை வீடோ, இவரைக் கொண்டுபோய் ஆளில்லாத இடத்தில் விட்டதாகும். ஜெபம் பண்ண முட்டி போட்டால் வாயில் வார்த்தையே வராது. பயமாயிருக்கு ஆண்டவரே என்பதோடு நின்றுவிடும்.

அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம் இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நாற்காலியிலிருந்து சரிந்தார். ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் தோள் தரையில் மோதிவிட்டது. உடம்பு வில்லாக வளைந்து உதற ஆரம்பித்தது. தலையை மடியில் தாங்கிக்கொண்டு கட்டையை எட்டி எடுத்துத் தட்டினேன். வரவில்லை. மறுபடி தட்டினேன். இன்னும் பலமாகத் தட்டினேன். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்து இவர் சட்டையில் விழுந்தது. "அக்கா! அக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்தப் பக்கம் யாரோ நடமாடும் அரவம் கேட்டது. பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. ஆனால் யாரும் வரவில்லை.

அன்றைக்குப் பட்ட பயத்தை நான் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன். இவர் போய்விடுவார், நான் கையில் கட்டையோடு இப்படியே உட்கார்ந்திருப்பேன் என்றுதான் தோன்றியது. எப்படித்தான் அந்த உடம்பைப் புரட்டி ஒருக்களித்துப் போட்டேனோ தெரியாது. மெல்ல உதறல் அடங்கி, மூச்சு சீராகி, இவர் அயர்ந்து தூங்கத் தொடங்கினார். கன்னத்தில் தட்டினேன். கண்ணைத் திறந்து, "ம்" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். தலையணையை அண்டக் கொடுத்தேன்.

அப்போது வந்தது பாருங்கள் கோபம். கட்டையைக் கீழே வைக்கக்கூட இல்லை. அப்படியே பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தேன். மனுஷியா இவள், சண்டை என்றால் உயிர் போகிற நேரத்திலுமா, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வருவேன் என்று போனேன். அடுக்களையில் அக்கா எனக்கு முதுகைக் காட்டி நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கைக்கெட்டும் தூரத்தில் குக்கர் வீடே அதிர விசில் அடித்துக்கொண்டிருந்தது. அடி பிடித்த வாடை. அக்கா திரும்பவில்லை. நான் வாசற்படியில் நின்று, "அக்கா" என்றேன். திரும்பவில்லை. குக்கர் மறுபடி அலறியது. அக்கா பொறுமையாக ஒரு தண்டைக் கிள்ளி ஓரமாகப் போட்டார்.

போய் அடுப்பை அணைத்தேன். அக்கா திடுக்கிட்டுத் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த கட்டையைப் பார்த்தார்.

"தட்டினியாம்மா?"

நான் தலையசைத்தேன்.

"யா அல்லா! தம்பி..."

"ஒன்னுமில்லக்கா. தூங்குறாரு."

அக்கா தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்துப் போனார். நான் தட்டுகிற இடத்துக்கு நேர் மறுபக்கம், சுவரை ஒட்டி அவருடைய கட்டிலைப் போட்டிருந்தார். ஒரு நாற்காலியும் அங்கேயே கிடந்தது. உட்கார்ந்து உள்ளங்கையைச் சுவரில் வைத்துக் காட்டினார்.

"காது போயிடுச்சும்மா. நரம்புன்றாரு டாக்டரு. மிஷின் மாட்டினா ஒரே இரைச்சல். எதிர்ல ஒக்காந்து பேசினா வாயசைப்பப் பாத்து சமாளிச்சுக்குறேன். கைய வச்சாதான் நீ தட்டுறது தெரியுது. படுத்தாலும் ஒரு கைய இதுமேலதான் வச்சுக்குவேன். சமைக்காம இருக்க முடியுமா? ஒருநாள் நான் அந்தாண்ட போற நேரத்துல நீ தட்டிட்டா? அந்தப் பயத்துலதாம்மா வித்துடலாம்னு சொன்னேன். நம்மள நம்பி ஒருத்தி இருக்காளே, நம்மால ஆவலியேன்னு."

"இத என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா ஒனக்குத் தூக்கம் வருமா?"

எனக்குத் தெரியாத பயத்தை எனக்காகவும் சேர்த்து ஒருத்தர் பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவரைப் பார்த்துக் காசு ஆசை என்று கேட்ட என் வாயை நானே கிள்ளிக்கொண்டேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

விற்பதில்லை, இனி தட்டித்தான் கூப்பிட வேண்டும் என்ற நிலையும் வேண்டாம் என்று மூன்று பேருமாக முடிவெடுத்தோம். புரோக்கர் மறுபடி வந்தபோது எங்கள் கூடத்தில் மேஸ்திரி சுவரை உடைத்துக்கொண்டிருந்தார். முதலில் மேலே முட்டுக் கொடுத்து, கான்கிரீட் உத்தரம் போட்டு, பூச்சு உதிர்ந்திருந்த அந்த இடத்திலேயே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி திறந்தோம். ஒவ்வொரு அடிக்கும் கூரை தலையில் இறங்கிவிடுமோ என்று நான் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஐயையே, இன்னாக்கா பண்ணிவச்சிட்டீங்க!" புரோக்கர் சொம்பைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டார். "இப்ப ரெண்டு ஊடும் ஒன்னாயிட்ச்சே. இனிமே நீங்க எங்க விக்கப்போறீங்க! நாளைக்கு வெல எறங்கினா என்னிய கொற சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டேன்யா. தண்ணியக் குடி" என்றேன். அக்காவுக்கு அவர் சொன்னது கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு சிரித்தார்.

மகன் இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. நான் செய்தது சரியா என்று எனக்கே தெரியாது. எதிர் மனையில் அஸ்திவாரத்துக்குப் பைல் இறக்கும் மிஷின் அடிக்கும்போது எங்கள் கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுக்கின்றன. மேகம் கருத்தால் முன்போலவே டிவி முன்னால் உட்காருகிறேன். பயம் குறைந்துவிட்டது என்று சொன்னால் பொய். முன்பு இவர் ஒருவருக்காகப் பயந்தேன். இப்போது அந்தப் பக்கம் தனியாகத் தூங்குகிற அக்காவுக்காகவும் சேர்த்துப் பயப்படுகிறேன்.

வழிக்குக் கதவு போடவில்லை, ஒரு திரைதான். காலையில் கண் விழித்ததும் முதலில் இவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன். பிறகு எழுந்துபோய்த் திரையை விலக்கி அக்காவின் கட்டிலைப் பார்க்கிறேன். ஒருநாள் காய்ச்சலில் நான் அசந்து தூங்கிவிட்டேன். கண்ணைத் திறந்தபோது திரையை விலக்கிக்கொண்டு வந்து அக்கா என் தலைமாட்டில் நின்றிருந்தார். அவருடைய உள்ளங்கை என் நெஞ்சின் மேல் இருந்தது.