அறுபதாம் கல்யாணத்துப் புரொஜெக்டர்காரர்

அவர் பெயரை நான் கேட்கவே இல்லை. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணங்களை மண்டபத் திரையில் காட்டுகிற புரொஜெக்டர்காரர். குட்டையான ஆள், சும்மா இருக்கும்போதெல்லாம் தோள்துண்டால் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

மயிலாடுதுறையில் ஒரு மாடியில், இரண்டு ஆண்கள் காதலிக்கிற படத்தைத் திரையிட அவரை அழைத்திருந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வெளிநாட்டில், கைக்காசு போட்டு யாரோ எடுத்த படம். பாதியில் ஏழெட்டுப் பேர் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள். நாற்காலியால் அடித்ததில் என் நண்பனின் பல் தெறித்தது. "நிறுத்துடா" என்று ஒருவன் புரொஜெக்டர்காரர் மண்டையில் கம்பியை இறக்கினான். அவர் மெஷினைக் கட்டிக்கொண்டார். முதுகில் அடி விழ விழ, அவர்கள் திரையைக் கிழிக்கும்வரை படம் ஓடியது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு முடித்ததும், மடியில் வைத்திருந்த லென்ஸில் காய்ந்த ரத்தத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

"நிறுத்தியிருக்கலாமேண்ணே" என்றேன்.

"கல்யாணத்த எவனாச்சும் பாதியில நிறுத்துவானா சார்?" என்றார். பிறகு, "அவங்க ரெண்டு பேரும் அறுபது வயசு வரைக்கும் சேந்து இருக்காங்களா?"

படத்தின் முடிவில் ஒருவன் மற்றவன் மடியிலேயே செத்துப்போவான்.

"இருக்காங்கண்ணே."

"அப்ப மிச்சத்த இன்னொரு நாள் போடுவோம் சார்."

அடித்தவர்களை நினைத்து எனக்குப் பயமில்லை. மிச்சத்தைப் போடப்போகும் அந்த நாளை நினைத்தால்தான்.