ஜாமீன் அக்கா

கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அக்கா மெஷினைத் தொட்டுப் பார்த்துவிடுகிறார். தையற்கடை என்றால் மோட்டார், ஜெராக்ஸ் கடை என்றால் மேல்மூடி. சூடாக இருந்தால் ஒரு தலையாட்டல், அடுத்த கடைக்கு நடை. ஆறிக் கிடந்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். "என்ன, ஆர்டர் இல்லையா, இல்ல உனக்கு உடம்பு வணங்கலையா? மறைக்காம சொல்லு." சனிக்கிழமை சாயங்காலம்தோறும் இந்தச் சுற்று உண்டு. எந்த வங்கியும் அவரை இப்படிச் சோதிக்கச் சொன்னதில்லை.

அரசு மருத்துவமனையில் மருந்து கட்டிக் கொடுக்கும் வேலை. அவருடைய பெயர் எங்கள் வங்கிப் படிவங்களுக்கு மட்டும்தான் தெரியும். மேனேஜர் முதல் வாசல் காவலர் வரை எல்லாருக்கும் அவர் ஜாமீன் அக்கா. கடன் பிரிவில் குமாஸ்தாவான எனக்கும் அப்படித்தான்.

சொத்துப் பத்திரம் வைத்திருப்பவர் வந்தால் எங்கள் வங்கி நாற்காலி எடுத்துப் போடும். பத்திரம் இல்லாதவர் ஒரு தையல் மெஷினுக்குக் கடன் கேட்டாலோ, மாதச் சம்பளக்காரர் ஒருவரை ஜாமீனுக்குக் கூட்டி வரச் சொல்லும். அந்த வாரம் பார்த்துச் சொந்த மைத்துனரே ஊரில் இருக்க மாட்டார். அக்கா இருப்பார். மருந்து வாங்க வருபவரை, மாத்திரையை எண்ணிக்கொண்டே எடை போட்டுவிடுவார். "கடையைத் தொறந்து வச்சிட்டு வந்தியா, பூட்டிட்டு வந்தியா?" என்பதுதான் கேள்வி. பதில் பிடித்துப்போனால், சம்பளச் சீட்டின் நகலைப் பழைய எக்ஸ்ரே உறையில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நிற்பார். வீட்டுக்காரர் முணுமுணுத்தால், "மத்தவங்க நகைக்கடைக்குப் போறாங்க, நான் பேங்குக்குப் போறேன். உங்களுக்கு எது லாபம்?" என்பாராம்.

ஒருவர் ஒரே சமயத்தில் இரண்டு பேருக்குத்தான் ஜாமீன் நிற்கலாம். ஆகவே அக்காவின் கையெழுத்துக்கு ஒரு வரிசை உண்டாயிற்று. தையற்காரரின் கடன் தீர்ந்தால்தான் வெல்டிங்காரருக்கு இடம். வெல்டிங்காரர் தினமும் தையற்கடை வாசலில் போய் நின்று, "அண்ணே, இந்த மாசம் கட்டியாச்சா?" என்று கேட்பார். கட்டவில்லை என்றால் தன் சொந்தக்காரர்களைத் தைக்கிற துணியோடு பிடித்துக் கொண்டுவந்து விடுவார். வசூலுக்கென்று எங்களுக்கு ஆளே தேவைப்படவில்லை. இப்போது கணினி மதிப்பெண் போட்டுக் கடன் தருகிறது. யாரும் யார் வாசலிலும் போய் நிற்பதில்லை. எங்கள் கவுண்டரில் அன்றிருந்த சளசளப்பை நினைத்தால் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அக்காவை ஏமாற்றியவர் ஒரே ஒருவர், சலவைக் கடைக்காரர். கடன் வாங்கிய நான்காம் மாதம், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டுக் கம்பி நீட்டிவிட்டார். இரண்டரை வருடம் அக்காவின் சம்பளத்தில் பிடித்தோம். அதற்கான கடிதத்தில் கையெழுத்து வாங்கப் போன எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. "குடு தம்பி. நீயா ஓடிப்போன?" என்றார்.

கடையை அந்த மனைவிதான் எடுத்து நடத்தினார், ஒற்றைக் கரி இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொண்டு. தெருவில் அக்காவைக் கண்டால் எதிர்ப்புறம் ஒதுங்கிவிடுவார். ஒரு விடுதியின் துணி மொத்தமும் அவரைத் தேடி வந்தது. ஆனால் நீராவி இஸ்திரி மெஷின் இருந்தால்தான் தருவோம் என்றார்கள். அதுவும் கை நழுவினால் கடையை மூடிவிட்டுப் பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அக்காவின் வரிசையில் வந்து நிற்க அவருக்கு மனம் வரவில்லை.

ஜாமீன் நிற்பவருக்குக் குறைந்தது மூன்று வருடப் பணியாவது மீதி இருக்க வேண்டும். அக்காவுக்கு அந்தக் கெடு முடிய நான்கே நாள் இருந்தது. அவர் நிற்கக்கூடிய இரண்டு ஜாமீன்களில் ஓர் இடம் காலியாக இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முந்தைய ஒரு மதியம் அது. அக்கா சலவைக்காரரின் மனைவியை மணிக்கட்டைப் பிடித்து அழைத்து வந்து என் எதிரே உட்கார வைத்தார்.

"அக்கா, நல்லா யோசிச்சீங்களா?" என்றேன்.

"ரெண்டரை வருஷம், சம்பளம் வாங்குறப்பல்லாம் யோசிச்சாச்சு தம்பி. நீ எழுது."

எழுதினேன். படிவத்தில் கடன் வாங்குபவருக்கு மேலே இடம், ஜாமீன்தாரருக்குக் கீழே. மேலே போட்ட பிறகுதான் கீழே போட வேண்டும். அந்தப் பெண் பேனாவைத் தொடவே இல்லை. "வேணாங்க்கா. எங்க வீட்டால நீங்க பட்டது போதும்" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். மேலே இருந்த இடம் வெறுமையாகக் கிடக்க, மூன்று பக்கங்களிலும் கீழே தன் கையெழுத்தைப் போட்டு, பேனாவை மூடாமல் அந்தப் பெண்ணின் முன்னால் வைத்தார்.