கரிக்காத உப்பு

முதலில் அரித்தது முதுகு. தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, எருமை மரத்தில் உரசுகிற மாதிரி இருக்கிறது என்று வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கள் ஊர் கடலாடிக்குப் பக்கம். மிளகாய் வற்றலும் பருத்தியும்தான் பிழைப்பு. களத்தில் மிளகாய் காய்கிற பருவத்தில் ஊரில் அரிக்காத உடம்பே கிடையாது. மிளகாய்த் தூசிதான் என்று இருவருமே நினைத்துக்கொண்டோம்.

மிளகாய் மூட்டையாகிப் போன பிறகும் அரிப்பு போகவில்லை.

அப்போது நான் டயாலிசிஸ் (இயந்திரத்தின் வழியாக இரத்தத்தைச் சுத்தம் செய்வது) செய்யத் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. இரத்தக் கொதிப்பு எனக்கே தெரியாமல் பல வருடம் இருந்து, இரண்டு சிறுநீரகங்களையும் சுருக்கிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் ராமநாதபுரத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இடது கையில் ஃபிஸ்டுலா (ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்துத் தடிக்க வைத்த இரத்தக்குழாய்) இருக்கிறது. அதன்மேல் விரலை வைத்தால் உள்ளே மோட்டார் ஓடுகிற மாதிரி அதிரும். அந்த அதிர்வு இருக்கும்வரை கவலையில்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தார். காலையில் எழுந்ததும் அதைத் தொட்டுப் பார்ப்பேன்.

இந்த அரிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ இது வந்திருக்கலாம். தோலில் தடிப்பு இருக்காது, சிவப்பும் இருக்காது. தோலுக்கு அடியில், நகம் எட்டாத ஆழத்தில் அரிக்கும். சொறிந்தால் புண்ணாகுமே தவிர அரிப்பு நிற்காது. வேப்பிலை அரைத்துப் பூசினோம், தேங்காயெண்ணெய் தடவினோம், சோப்பை மாற்றினோம். ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் யாராவது உட்கார்ந்தாலே எரிச்சல் வரும். வீட்டுக்காரரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

இரத்தப் பரிசோதனையில் பாஸ்பரஸ் (எலும்புக்கு வேண்டிய ஒரு தாது, சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் இரத்தத்திலேயே தங்கிவிடும்) மிக அதிகமாக இருந்தது. அது எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்தை இழுத்துவிடும், இரத்தக் குழாய்களில் படியும், அரிப்பும் அதனால்தான் என்று டாக்டரம்மா விளக்கினார். குறையாவிட்டால் பாராதைராய்டு (கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால் உள்ள பயறளவு சுரப்பிகள்) வீங்கிக்கொண்டே போகும், மதுரைக்குப் போய்க் கழுத்தைத் திறந்து அதை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

பால், பருப்பு, நிலக்கடலை, முட்டையின் மஞ்சள் கரு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். கருவாட்டையும் விட்டேன். அதை விட்டது எனக்குப் பெரிய துக்கம்தான். சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து வைக்கும் மாத்திரை ஒன்றையும் சோற்றோடு மென்று விழுங்கினேன். அடுத்த பரிசோதனையில் பாஸ்பரஸ் இன்னும் கூடியிருந்தது.

"மாத்திரைய ஒழுங்காச் சாப்பிடுறீங்களாம்மா? மறைக்காமச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

அவர் கெட்ட மனதோடு கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து வீட்டுக்காரர் நான் மாத்திரை விழுங்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்க ஆரம்பித்தார். வாயைத் திறந்து காட்டச் சொல்லாததுதான் பாக்கி. அறுவை சிகிச்சையைவிட, நான் பொய் சொல்கிறேன் என்று இரண்டு பேர் நினைப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த இடத்தில் என் தம்பி காளிமுத்துவைச் சொல்ல வேண்டும். கீழக்கரைக்காரர் ஒருவர் தயவில் வளைகுடாவுக்குப் போய், அங்கே குளிர்பதனக் கிடங்கில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவன். ராமநாதபுரத்தில் ஃப்ரோசன் கடை (உறைய வைத்த கறி வகைகள் விற்பது) வைத்திருக்கிறான். சிக்கன் சாசேஜ் (அரைத்த கோழிக்கறியை விரல்போல உறையில் அடைத்தது), நகெட் (மாவில் தோய்த்த கோழிக்கறித் துண்டு) இவையெல்லாம் பெரிய பாக்கெட்டில் வரும். அவன் பிரித்து, வெறும் கண்ணாடிக் கவரில் சிறு சிறு பொட்டலமாகப் போட்டு, கவரின் வாயை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி ஒட்டி விற்பான்.

டயாலிசிஸ் செய்பவர்கள் புரதம் சாப்பிட வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வார்கள். எனக்கோ பருப்பும் இல்லை, கருவாடும் இல்லை. அக்கா மெலிந்து போகிறாளே என்று தம்பிக்குத் தாங்கவில்லை. டயாலிசிஸ் நாளன்று டப்பாவில் சாசேஜ் கொண்டு வருவான். வீட்டுக்கும் பொட்டலம் கொடுத்துவிடுவான். சாயங்காலம் பசிக்கிற நேரத்தில் அதைத்தான் தின்பேன். அது சாப்பாடு இல்லையென்பதால் மாத்திரையும் போட மாட்டேன்.

"நானே வாயில போட்டுப் பாத்துட்டேன்க்கா, கரிக்கவே இல்ல. வெந்நீர்ல ரெண்டு தடவ போட்டு எடுத்திருக்கேன். பயப்படாமத் தின்னு" என்பான்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதில் ஒரு பிடிவாதமான நம்பிக்கை உண்டு. வாலிநோக்கம் உப்பளம் எங்களுக்குத் தூரமில்லை. கருவாடு, ஊறுகாய், உப்புத்தண்ணீர் என்று உப்போடுதான் எங்கள் புழக்கம். சிறுநீரகத்துக்கு ஆகாதது உப்பு, உப்பு நாக்குக்குத் தெரியும், அதனால் நாக்கு சும்மா இருந்தால் தின்னலாம். வீட்டில் யாருக்கும் இதில் சந்தேகமே வரவில்லை.

பங்குனியில் ஊர் அம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை எந்த வீட்டிலும் கறி, மீன் சமைக்கக் கூடாது. வெளியூரில் இரவு தங்கக் கூடாது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். காப்புக் கட்டிய வீட்டுக்குக் கறி கொண்டுவரக் கூடாதென்று தம்பியும் டப்பாவை நிறுத்திக்கொண்டான்.

முளைப்பாரி வளர வளர என் அரிப்பு குறைந்தது. எப்போது குறைந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு மத்தியானம் பாயில் படுத்து எழுந்தபோதுதான், சொறியாமல் தூங்கியிருக்கிறேன் என்று தெரிந்தது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். திருவிழா முடியும் தறுவாயில் எடுத்த பரிசோதனையிலும் பாஸ்பரஸ் இறங்கியிருந்தது.

"இந்தத் தடவை என்ன பண்ணீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஆத்தா கண்ணு தொறந்துட்டா" என்றார் வீட்டுக்காரர். அதோடு நிற்கவில்லை. இனி நான் சாகும்வரை கறி, மீன் தொடமாட்டேன் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டதாகவும் சொன்னார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் வாயை அவர் நேர்ந்துவிட்டிருந்தார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அந்த நாட்களில் எதையெல்லாம் நிறுத்தினோம் என்று நிதானமாகக் கேட்டார். மாத்திரை அதே மாத்திரை, சோறு அதே சோறு என்றேன். கறி, மீன் மட்டும்தான் இல்லை. ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள், எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தின்றுவிடாதீர்கள் என்றார். அம்மனிடம் சொல்லி வேண்டுதலைத் தள்ளி வைத்துக்கொள்ளும்படி வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டார்.

முதலில் நாட்டுக்கோழி, அளவாக. ஒன்றும் செய்யவில்லை. பிறகு மீன். அதுவும் ஒன்றும் செய்யவில்லை. அதன்பின் தம்பியின் டப்பா வந்தது. வாரம் முடிவதற்குள் நான் மறுபடி தூணுக்கு வந்துவிட்டேன். இந்த முறை பார்த்த வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. தெய்வக்குத்தம் என்று முணுமுணுத்தார்.

கவரைக் கொண்டுவரச் சொன்னார் டாக்டரம்மா. கவரில் ஓர் எழுத்துகூட இல்லை. தம்பி கடைக்குப் போய்ப் பெரிய பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். எறும்பு அளவு எழுத்தில், நிலைப்படுத்தி என்று போட்டு 451, 452 என்று இரண்டு எண்கள் இருந்தன.

"இது ரெண்டும் பாஸ்பேட் உப்பும்மா" என்றார் டாக்டரம்மா.

கறி தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மெத்தென்று இருப்பதற்காகச் சேர்ப்பதாம். பருப்பில் இருக்கும் பாஸ்பரஸில் ஒரு பகுதியைத்தான் உடம்பு எடுத்துக்கொள்ளும். இப்படிச் சேர்த்ததை ஏறக்குறைய முழுவதும் எடுத்துக்கொள்ளும். அளவு எவ்வளவு என்று பாக்கெட்டில் போட்டிருக்கவில்லை. "கரிக்காதா?" என்று கேட்டேன். கரிக்காது என்றார். பிறகு, "நீங்க மாத்திரைய விடல, நாந்தான் தப்பா நெனச்சுட்டேன்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு உடம்பு பாதி சரியான மாதிரி இருந்தது.

பிறகு வந்த தம்பி ஆஸ்பத்திரி வராண்டாவில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். "என் கையாலேயே ஒனக்குக் குடுத்திருக்கேனேக்கா" என்றான். தெரிந்தா செய்தாய், விடு என்றேன். எனக்கு அவன்மேல் கோபமே வரவில்லை. டப்பா நின்றது, அரிப்பும் மெதுவாக நின்றது. கதை இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

டயாலிசிஸில் எனக்கு அடுத்த கட்டிலில் ராக்கு என்ற அம்மா உண்டு. வாலிநோக்கத்தில் உப்பளத்து வேலை பார்த்தவர். அவரும் சீப்பை வைத்து முதுகைச் சொறிந்துகொண்டே இருப்பார். ஒருநாள் அவர் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். வெறும் கண்ணாடிக் கவர், மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டிய வாய். தம்பி கடைப் பொட்டலம்தான் அது.

அதைத் தின்னாதீர்கள், அதில் ஓர் உப்பு இருக்கிறது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, அன்று மாத்திரையைப் பற்றிக் கேட்டபோது டாக்டரம்மா பார்த்த பார்வை.

"உப்ப நாக்குல வச்சா எந்தப் பாத்தியில அள்ளுனதுன்னு சொல்லுவேன் தாயி. இதுல உப்பே இல்ல" என்றார். சொல்லிவிட்டுத் தின்னவும் செய்தார். என் கையில் ஊசி இருந்தது. எழுந்து தடுக்க முடியவில்லை.

அன்று இயந்திரத்திலிருந்து விடுபட்டதும் நேரே தம்பி கடைக்குப் போனேன். கவரில் எழுதி ஒட்டு என்றேன். அவன் தயங்கினான்.

"கம்பெனிக்காரனே நம்பராத்தான் போட்டிருக்கான். நான் மட்டும் பேரு எழுதி வச்சா, மருந்து கலந்த கறின்னு ஒருத்தரும் வாங்க மாட்டாக" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. எல்லோரும் எழுதினால் யாருக்கும் நட்டமில்லை. ஒருவன் மட்டும் எழுதினால் அவன் கடைதான் காலியாகும். அதனால்தான் இதைக் கடைக்காரரின் நல்ல மனதுக்கு விட்டுவிடக் கூடாது என்கிறேன். எண்ணுக்குப் பக்கத்தில் பெயரும், பெயருக்குப் பக்கத்தில் அளவும், படிக்கிற மாதிரி எழுத்தில் சட்டப்படி இருக்க வேண்டும். விற்காதே என்று நான் சொல்லவில்லை. நல்ல சிறுநீரகம் உள்ளவர்கள் தின்னட்டும். சொல்லிவிட்டு விற்கட்டும்.

இதையெல்லாம் அவனிடம் பேசவில்லை. ஒன்றுதான் சொன்னேன்.

"எனக்குத் தம்பின்னு நீ இருக்க, போட்டோ எடுத்து அனுப்புன. அந்தம்மாவுக்கு யாருடா இருக்கா? கவர்தான சொல்லணும்?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டேன்.

சில வாரம் கழித்து ராக்கு அம்மா ஒரு பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். அதில் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. "என்னமோ போட்டிருக்கு, படிச்சுச் சொல்லு தாயி" என்றார். படித்தேன்: 'பாஸ்பேட் உப்பு (451, 452) சேர்ந்தது. கரிக்காது. சிறுநீரக நோயாளிகள் டாக்டரிடம் கேட்டுச் சாப்பிடவும்.'

"கரிக்காதுன்னே போட்டிருக்கானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொட்டலத்தைப் பையில் திரும்ப வைத்து, டாக்டரம்மா வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி கடையில் வியாபாரம் குறைந்துதான் இருக்கிறது. சீட்டை அவன் எடுக்கவில்லை. என் கழுத்து அறுவை சிகிச்சை பற்றி டாக்டரம்மா இப்போது பேசுவதில்லை. சிறுநீரகம் திரும்பி வராது, அது தெரிந்ததுதான். வீட்டுக்காரர் அம்மனிடம் பேசி வேண்டுதலைப் பங்குனி மாதத்துக்கு மட்டும் என்று மாற்றிக்கொண்டார்.

முன்பெல்லாம் மிளகாய்ப் பருவம், பருத்திப் பருவம் என்று என் வருடம் ஓடியது. இப்போது ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசிவரை ஓடுகிறது. எதையாவது புதிதாகத் தின்றால் சில நாள் உடம்பைக் காது கொடுத்துக் கேட்கிறேன். கையில் அதிர்வு இருக்கிறதா, முதுகு சும்மா இருக்கிறதா என்று பார்க்கிறேன். முதுகு சும்மா இருப்பது இத்தனை பெரிய சுகம் என்று நோய் வருவதற்கு முன் எனக்குத் தெரியாது.

பொட்டலம் எது வந்தாலும் முதலில் திருப்பிப் பார்க்கிறேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தால், நாக்கு எவ்வளவு கேட்டாலும், வைத்துவிடுகிறேன்.