ஞாயிற்றுக்கிழமை மட்டும் இடதுபக்கம் இழுக்கும் கார்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, கப்பலூர் தாண்டி, இன்னும் ஒரு வீடுகூட எழும்பாத பிளாட் ஏரியாவில், தார் ரோட்டின் நடுவே குனிந்து சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கபடிக்குப் போடுவார்களே, அந்த மாதிரிக் கோடு.

இந்த வயதில் இது தேவையா? என் மனைவியும் அதையேதான் கேட்டாள்.

விஷயம் இதுதான். என் காரைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்ளும் முத்துப்பாண்டிக்குக் கப்பலூரில் ஒரு ஒர்க்‌ஷாப். அவரும் அவர் மனைவி சித்ராவும் சேர்ந்து ஒரு பழைய சின்னக் காரை டிராக் ரேஸ் காராக மாற்றியிருக்கிறார்கள். இந்த ரேஸில் வளைவு கிடையாது, சுற்று கிடையாது. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு விழுந்ததும் நேர்கோட்டில் பறக்கும். முடிவுக் கோட்டை முதலில் தொட்டவர் ஜெயித்தார். அவ்வளவுதான். காரைக் கட்டியது பாண்டி. ஓட்டப்போவது சித்ரா.

பறப்பதைப் பற்றி ஊரே பேசும். பறந்த பிறகு நிற்க வேண்டுமே... அதை யார் பேசுகிறார்கள்?

பாண்டி பேசுவார். அதை மட்டும்தான் பேசுவார். “ஜெயிக்கிறது அப்புறம் சார். அவ நேரா நிக்கணும்” என்பார்.

பிரேக் பேலன்ஸ் என்றால் நாலு சக்கரத்துக்கும் ஒரே அளவு பிடி என்று நான் நினைத்திருந்தேன். இல்லையாம். பிரேக்கை அழுத்தியதும் காரின் எடை முன்பக்கம் சாயும். அதனால் முன் சக்கரங்களுக்குப் பிடி கூடுதலாக வேண்டும், பின் சக்கரங்களுக்குக் குறைவாக. பின் சக்கரம் முந்திப் பூட்டிக்கொண்டால் காரின் வால் சுற்றிவிடும். அதைச் சரிசெய்ய உள்ளே ஒரு சின்னத் திருகு வைத்திருக்கிறார். ஆனால் இடது, வலது என்று வந்தால் மட்டும் ஓரவஞ்சனையே கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே பலத்தில் பிடிக்க வேண்டும்.

சித்ராவின் கார் அங்கேதான் மக்கர் செய்தது. பிரேக் பிடித்தால் இடதுபக்கம் இழுத்தது.

அதிலும் ஒரு விசித்திரம். பாண்டி ஏதாவது ஒரு பார்ட்டை மாற்றிவிட்டு, வியாழக்கிழமை சாயங்காலம் ஒர்க்‌ஷாப் பின்பக்க ரோட்டில் ஓட்டிப் பார்ப்பார். நூல் பிடித்த மாதிரி நேராக நிற்கும். ஞாயிற்றுக்கிழமை இந்த பிளாட் ரோட்டுக்குக் கொண்டுவந்து வேகமாக ஓட்டினால் இடதுபக்கம் இழுக்கும். பிரேக் ஹோஸ் மாற்றினார். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைக் கவ்வும் பேடு மாற்றினார். பேடுகளைப் பிடித்து அழுத்தும் காலிப்பரை மாற்றினார். வியாழன் நல்ல கார், ஞாயிறு கெட்ட கார்!

வேகம் ஏறினால்தான் இழுக்கிறது, அப்படியானால் காரின் எலும்புக்கூடான சேஸிஸே கோணல் என்று பாண்டி முடிவுக்கு வந்துவிட்டார். சேஸிஸ் கோணல் என்றால் அந்தக் கார் ரேஸுக்கு ஆகாது. கோயம்புத்தூர்ப் பக்கம் நடக்கும் ரேஸுக்குப் பெயர் கொடுக்க அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி நாள். நாளைக்கும் இழுத்தால் வண்டியை வித்துருவோம் என்று முந்தின நாளே சித்ராவிடம் சொல்லிவிட்டாராம். சித்ரா உடனே எனக்கு போன் செய்தார்.

ஏன் எனக்கு? சித்ரா நான் எழுதும் இந்தப் பத்தியைத் தவறாமல் படிப்பவர். வீட்டு வாசலில் செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்று இங்கே எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு, “கோணலா நேரான்னு அவரு கண்ணால பாத்துச் சொல்றத விட நீங்க டேப் பிடிச்சுச் சொல்லுங்க சார்” என்றார். எழுதுவதில் இப்படியும் சில ஆபத்துகள்.

பிளாட் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டு, ரோட்டின் இரண்டு முனையிலும் கயிறு கட்டியாயிற்று. கோடும் போட்டாயிற்று. கார் அந்தக் கோட்டைத் தன் வயிற்றுக்கு நடுவே வைத்துக்கொண்டு ஓடி, அப்படியே நிற்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங்கை இறுக்கக் கூடாது, உள்ளங்கைக்குள் சும்மா வைத்திருக்க வேண்டும் என்பது பாண்டியின் கண்டிஷன். இறுக்கிப் பிடித்தால் கை பொய் சொல்லிவிடுமாம்.

எங்களோடு இன்னொருவரும் வந்திருந்தார். பாண்டியின் அக்கா பஞ்சவர்ணம். ஒர்க்‌ஷாப்பில் பில் போடுவதும் சாவி வைத்திருப்பதும் அவர்தான். இந்த ரேஸ் விவகாரம் ஆரம்பித்த நாளிலிருந்தே அவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டுப் பொம்பள வேகமா ஓட்டி யாருக்கு என்ன ஆகப்போகுது என்று என்னிடமே பலமுறை கேட்டிருக்கிறார். அன்றைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார். ஆனால் எல்லோருக்கும் ஒரு சிவப்புத் துண்டில் இட்லி கட்டிக்கொண்டு வந்தார்.

சித்ரா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது. பாண்டி கை காட்டிய இடத்தில் பிரேக்.

கார் இடதுபக்கம் திரும்பி, கோட்டை விட்டு விலகி, மண்ணுக்கு ஒரு ஜாண் முன்னால் நின்றது.

நான் டேப்பை எடுக்கவே இல்லை. ரோட்டில் இடது முன் சக்கரம் கறுப்பாக ஒரு தடம் இழுத்திருந்தது. வலது சக்கரத்தின் தடத்தைத் தேடத்தான் வேண்டியிருந்தது. பாண்டி டூல்ஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். யாரையும் பார்க்கவில்லை.

சித்ரா இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினார். நேராக வலது சக்கரத்தின் பக்கம் போய்க் குத்தவைத்தார். மூக்கைக் கிட்டே கொண்டுபோனார்.

“மாமா, இங்க வாங்க. இது என்ன வாசம்?”

“பேடு சூடாகுற வாசம். வேறென்ன?”

“இல்ல. மதினி தலையில வர்ற வாசம்.”

நானும் போய் மோந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை. சுத்தமான தேங்காய் எண்ணெய்.

மூன்று பேரும் ஒரே சமயத்தில் திரும்பினோம். பஞ்சவர்ணம் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“என்னத்துக்கு என்னைய இப்படிப் பாக்குறீக?”

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. வெள்ளிக்கிழமை தோறும் ஒர்க்‌ஷாப்பை விடியற்காலையில் திறந்து, தண்ணீர் தெளித்து, சாம்பிராணி போட்டு, மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்பது அவர் வழக்கம். மற்றவர்கள் அதற்கப்புறம்தான் வருவார்கள். முன்பெல்லாம் இந்தக் காருக்கும் பானட்டில் ஒரு பொட்டு, அத்தோடு சரி. சமீபத்தில் பாண்டி எடை குறைந்த புது வீல் மாட்டினார். பெரிய பெரிய ஓட்டை உள்ள வீல். உள்ளே இருக்கும் பிரேக் டிஸ்க் பளிச்சென்று வெளியே தெரியும். தண்ணீர் பட்டால் அதன்மேல் லேசாகத் துரு படரும். பிரேக் பிடித்தால் தானாகப் போய்விடும் துருதான். பஞ்சவர்ணத்துக்கு அது தெரியாது.

“ஊர்ப்பட்ட சனம் பாக்கப்போற வண்டி. உள்ள துருவேறிக் கெடந்தா, பொம்பள ஓட்டுற வண்டின்னா இப்படித்தான் இருக்கும்பாங்க. அதான் ரெண்டு சொட்டு வச்சுத் தொடச்சு விட்டேன்.”

பாண்டி டிஸ்க்கைக் காட்டினார். “அக்கா... அது பிரேக்கு.”

“கதவுக்கு வைக்கிறோம், பூட்டுக்கு வைக்கிறோம், மிசினுக்கு நீயே எம்புட்டு எண்ணெய் ஊத்துற? இதுக்கு மட்டும் வைக்கக் கூடாதுன்னு எனக்கு யாருடா சொன்னது?”

நியாயமான கேள்வி. யாரும் சொல்லவில்லைதான். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. இடதுபக்க டிஸ்க்குக்கு ஏன் வைக்கவில்லை?

“அந்தப் பக்கம் சுவரு சார். ஒட்டி நிப்பாட்டியிருக்கான். கை போகுமா?”

வியாழன் நேராக நின்ற கார் ஞாயிறு ஏன் இழுத்தது என்று விளங்கிவிட்டது. பார்ட் மாற்றும்போதெல்லாம் பாண்டி டிஸ்க்கைத் துடைத்துவிடுவார்; வெள்ளிக்கிழமை எண்ணெய் மறுபடி ஏறிவிடும். எண்ணெய் பட்ட வலதுபக்கம் வழுக்கியது. எண்ணெய் படாத இடதுபக்கம் உண்மையாகப் பிடித்தது. சேஸிஸ் பாவம், ஒரு குற்றமும் செய்யவில்லை.

சித்ரா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பஞ்சவர்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ரேசே வேணாம்னு சொன்னீக மதினி.”

“வேணாம்னுதான் சொன்னேன். அசிங்கமா போயி நிக்கணும்னா சொன்னேன்?”

சித்ரா சிரித்துவிட்டார். சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. எண்ணெய் குடித்த பேடுகளைக் கழற்றி எறிந்தார் பாண்டி. டிஸ்க்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிளீனர் அடித்துத் துடைத்தார். இரண்டு பக்கமும் புதுப் பேடு. மெதுவாகச் சில தடவை பிரேக் பிடித்துப் பழக்கினார்கள். நான் அழிந்த கோட்டைத் திரும்பப் போட்டேன். பொடி டப்பாவைப் பஞ்சவர்ணம் பிடித்துக்கொண்டார்.

மறுபடியும் அந்தச் சத்தம். பாண்டியின் கை உயர்ந்தது. பிரேக்.

மூக்கு லேசாகத் தாழ்ந்து, கார் நின்றது. எந்தப் பக்கமும் போகவில்லை. கண்ணாடி வழியாகச் சித்ராவின் விரித்த உள்ளங்கைகள் தெரிந்தன.

கோட்டிலிருந்து இடது சக்கரம் வரை அளந்தேன். வலது சக்கரம் வரை அளந்தேன். எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தடவையும் அளந்தேன். இரண்டும் ஒன்று. சொன்னதும் பாண்டி டூல்ஸ் பெட்டியை ரொம்ப நேரம் ஒழுங்குபடுத்தினார். பிறகு சித்ராவைப் பார்க்காமலே, “பேரு குடுத்துரு” என்றார்.

வீடு திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். நம்முடைய அக்கறையும் இப்படித்தானோ? கை எட்டுகிற பக்கத்துக்கு வாரி வாரிப் பூசுகிறோம். சுவரோரம் நிற்கும் பக்கத்தை மறந்துவிடுகிறோம். அப்புறம் குடும்பம் ஒரு பக்கமாக இழுக்கிறதே, என்ன கோளாறு என்று பார்ட் பார்ட்டாக மாற்றிக்கொண்டிருக்கிறோம்! பஞ்சவர்ணம் செய்தது தப்புதான். ஆனால் எதிர்ப்பவர் என்று நாம் எழுதி வைத்திருக்கும் ஆள், விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் நம் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கலாம்.

நேற்று வெள்ளிக்கிழமை. என் கார் சர்வீஸ் முடிந்ததா என்று பார்க்கப் போனேன். ரேஸ் கார் சுவரை விட்டு நன்றாகத் தள்ளி நின்றது. பஞ்சவர்ணம் சொல்லி நகர்த்தினார்களாம். இரண்டு கதவிலும் ஒரே உயரத்தில் சந்தனப் பொட்டு. டிஸ்க் பக்கம் ஒன்றும் இல்லை.

ரேஸுக்கு நீங்களும் போறீங்களா என்று கேட்டேன். அந்தக் கூத்தையெல்லாம் நான் எதுக்குப் பார்க்கணும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

காரை இழுத்துப்போகும் வேன் வெளியே நின்றது. அதன் முன் சீட்டில் அவருடைய அந்தச் சிவப்புத் துண்டு இடம் பிடித்துக் கிடந்தது.