சூறையாட வரும் காற்று

எங்கள் நகராட்சியின் அறிவிப்பு வண்டியில் பேசுகிறவருக்கு ஊரே வைத்த பெயர் மைக் அக்கா. வண்டி ஓட்டுவது நான். அக்காவுக்கு வீட்டுக்குள் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும் குரல். அவருக்கு எதற்கு மைக் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பொருள் தெரியாமல் ஒரு சொல்லைக்கூட வாசிக்க மாட்டார். அன்று அலுவலகம் கொடுத்த தாளில் 'சூறாவளி' என்றிருந்தது. அகராதியைப் புரட்டிவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

"சூறைன்னா கொள்ளை, வளின்னா காத்து. பட்டவன் எவனோதான் பேர் வச்சிருக்கான்."

"சரி, அது வர்றதுக்குள்ள போவோம்கா," என்றேன்.

கடலோரத் தெருவை இரண்டு முறை சுற்றினோம். ஒருவரும் அசையவில்லை. போன வருடம் இதே அறிவிப்பைக் கேட்டு எல்லாரும் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினார்கள். புயல் வரவில்லை, திருடன் வந்தான். மைக் அக்காவின் சொந்த அக்காவுக்குச் சோறு போட்ட தையல் மிஷினும் அதில் போயிற்று. இப்போது அந்தத் தையல்காரம்மா புது மிஷினைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்தால்தான் தெரு எழும்.

"காத்து வந்தா கூரைதான்டி போகும். நீ போய் உன் மைக்ல கத்து."

மைக் அக்காவுக்குக் கோபத்தில் கண் கலங்கிவிட்டது.

"திருடன் மிஷின எடுத்துக்கிட்டு உன்ன விட்டுட்டுப் போனான்கா. இந்தக் காத்து உன்ன விடாது!"

தையல்காரம்மா மிஷினிலிருந்து கையை எடுக்கவில்லை.

மைக் அக்கா என் பக்கம் திரும்பினார். "ஒலிபெருக்கி, பேட்டரி எல்லாத்தையும் இறக்கு. மிஷின ஏத்தணும்."

"நகராட்சி வண்டிக்கா இது! உங்க வேலைக்கே உலை வச்சிருவாங்க."

"வைக்கட்டும். ஒரு கை பிடி."

மிஷின் ஏறியதும் தையல்காரம்மாவும் ஏறினார். மைக் அக்கா வண்டிக்கு முன்னால் நடந்து வீடு வீடாகக் கத்தினார்: "எது போகக்கூடாதோ அத எடுத்துட்டு வாங்க, வண்டில வைக்கலாம்!" எதிர்வீட்டுக்காரர் வெல்டிங் கருவியோடு வந்தார். பிறகு மாவு அரைக்கும் இயந்திரம், மீன் தராசு. வண்டி நிறைந்தது. தெருவே பின்னால் பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்தது.

மறுநாள் அந்தத் தெருவில் ஒரு கூரைகூட மிச்சமில்லை. அங்கே இறக்கி வைத்த ஒலிபெருக்கியையும் காணோம். பள்ளிக்கூடத்துக்கு வந்த அதிகாரி எல்லார் முன்னாலும் குதித்தார்.

"அரசாங்கப் பொருள்! யாரக் கேட்டு இறக்குன? பதில் சொல்லும்மா!"

மைக் அக்கா வாயைத் திறந்தார். கத்திக் கத்திக் குரல் சுத்தமாகப் போயிருந்தது, காற்றுதான் வந்தது.

தையல்காரம்மா தங்கையை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்து நின்றார்.

"நான் உசுரோட நிக்கிறேன்ல சார். என்னப் பாத்துட்டுக் கேளுங்க."