ஐரினின் கார் கிளம்பாத காலை

பெங்களூர் ஒக்கலிபுரத்துத் தெருவுக்குக் குடிவந்த வாரத்திலேயே ஐரினுக்கும் எதிர்வீட்டுச் சந்திரசேகரனுக்கும் பகை மூண்டுவிட்டது.

ஐரின் கோலார் தங்கவயல்காரி. சுரங்கம் மூடி அப்பாவுக்கு வேலை போனபின், விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வந்து துணி ஃபேக்டரியில் தைத்தவள். அங்கே சூப்பர்வைசரோடு சண்டை போட்டு வெளியே வந்தாள். கல்யாணமாகி, சில வருடங்களில் கணவனோடும் சண்டை போட்டுப் பிரிந்தாள். பணிந்து பேச அவளுக்கு வராது. சமைக்க வரும். சித்தி மகள் ரோஸியைச் சேர்த்துக்கொண்டு, ஹெப்பகோடியில் ஒரு கம்பெனிக்கு மதியச் சாப்பாடு கொடுக்க ஆரம்பித்தாள். அண்டாக்களை ஏற்றிப்போக ஒரு பழைய காரை வாங்கினாள். அதை நிறுத்த சந்திரசேகரன் வீட்டுக் காம்பவுண்டு ஓரம்தான் கிடைத்தது.

பேங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற அவருக்குக் காலையில் கதவைத் திறந்ததும் அந்தத் துருப்பிடித்த வண்டி கண்ணில் படுவது பொறுக்கவில்லை. ஒரு முறை நாலு டயரிலும் காற்று இறங்கிக் கிடந்தது. ஐரின் போய்க் கேட்டதற்கு அவர் மறுக்கக்கூட இல்லை. "ஒருநாள் இந்த டப்பா இங்கருந்து நகராத மாதிரி பண்றேன் பாரு" என்று தெருவே கேட்கச் சொன்னார்.

அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை, அண்டாக்களை ஏற்றிவிட்டு அவள் சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பாமல் போனபோது, அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஸ்டார்ட்டர் கிர்கிர்ரென்று நன்றாகவே சுற்றியது. இன்ஜின்தான் பிடிக்கவில்லை. இரண்டு மூன்று தரம் பார்த்தாள். இறங்கி, கதவை அறைந்து சாத்தினாள்.

"யோவ் சந்திரசேகரா! வெளியே வா!"

அவர் பல் துலக்கியபடியே மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"வண்டிய இன்னா பண்ண? பெட்ரோல்ல தண்ணி ஊத்துனியா? ஒயர அறுத்தியா?"

"மரியாதையா பேசு. உன் வண்டிய நான் தொடல."

"காத்த புடுங்கின கைதான அது?"

ஜன்னல்கள் திறந்தன. அவர் நுரையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "ப்ரூஃப் இருக்கா? இருந்தா காட்டு. போலீஸுக்கே போகலாம். இல்லன்னா வாய மூடிக்கினு போ."

காட்டுகிறேன் என்று ஐரின் பானட்டைத் திறந்தாள். அறுபட்ட ஒயர் எதுவும் கண்ணில் படவில்லை. அல்சூர் மெக்கானிக் பக்தவச்சலத்துக்கு போன் போட்டாள்.

"போன வாரம் என்னைத் திருடன்னு சொன்னீங்க. இன்னைக்கு நான் வேணுமா?" என்றார் அவர்.

"அத அப்புறம் பேசலாம். ஸ்டார்ட்டர் சுத்துது, இன்ஜின் புடிக்கல. சாப்பாடு ஆறுது, சொல்லுங்க."

"ஸ்டார்ட்டர் ஜோரா சுத்துதுல்ல? அப்ப பேட்டரி இல்ல. சாவிய பாதி மட்டும் திருப்புங்க. பின் சீட்டுக்குக் கீழ, டேங்க்ல பெட்ரோல் பம்ப் இருக்கு. உய்ய்னு ஒரு சத்தம் வரணும். வருதா பாருங்க."

ரோஸி பின் சீட்டில் காதை வைத்துக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை.

"அப்ப பம்புக்குக் கரண்ட் போகல. இல்லன்னா பம்பே போச்சு. ஃப்யூஸ் பாருங்க" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

ஃப்யூஸ் நன்றாக இருந்தது. நம்பாமல் ஹாரன் ஃப்யூஸைப் பிடுங்கி அதில் மாட்டிப் பார்த்தாள். அப்போதும் பம்ப் பேசவில்லை. மிச்சம் இருந்தது பம்புக்குப் போகும் ஒயர்தான். அண்டாக்களைத் தெருவில் இறக்கி வைத்து, பின் சீட்டைத் தூக்கினாள். அறுத்த தடயம் கிடைத்தால் அதை அப்படியே போட்டோ எடுத்து அந்த ஆளின் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும் என்று ரோஸியிடம் போனைக் கொடுத்திருந்தாள்.

சீட்டுக்கு அடியில் புளித்த வாடை அடித்தது. கார்ப்பெட் விறைத்துக் காய்ந்திருந்தது. பம்பு மூடியைக் கழற்றினால், ஒயர் மாட்டும் பிளக்கைச் சுற்றிலும் காய்ந்த பருப்பு, கறிவேப்பிலை. பிளக்கை உருவினாள். பித்தளைப் பின்கள் பச்சையாகப் பூத்து, ஒன்று பாதி அரித்துப் போயிருந்தது. ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் தளும்பிய அவளுடைய சாம்பார்தான் மாதக்கணக்காக உள்ளே இறங்கியிருந்தது.

"அக்கா, இது நம்ம…" என்று ரோஸி ஆரம்பித்தாள்.

"வாய மூடு" என்றாள் ஐரின். மாடியில் அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

சாவியை அணைத்துவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷாலும் பிளேடு நுனியாலும் பின்களைச் சுரண்டினாள். பிளக்கை அழுத்தி மாட்டிச் சாவியைத் திருப்பியதும் பம்ப் உய்யென்றது. அடுத்த திருப்பில் இன்ஜின் பிடித்தது.

"இன்னா, ப்ரூஃப் கெடச்சுதா?" என்று மேலிருந்து குரல் வந்தது. ஐரின் நிமிர்ந்து பார்க்காமல் அண்டாக்களை ஏற்றிக் கிளம்பினாள்.

ஹெப்பகோடியில் தாமதத்துக்கு வசவு விழுந்தது. திரும்பும் வழியில் ரோஸி விடவில்லை.

"அந்தாளுகிட்ட ஒரு வார்த்த சாரி சொல்லிடுக்கா."

"காத்த புடுங்கினதுக்கு அவன் சொன்னானா?"

"அது வேற. இன்னைக்கு அவர் ஒண்ணும் பண்ணலல்ல?"

ஐரின் ஸ்டியரிங்கைக் குத்தினாள். அவர்தான் செய்திருக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டோம் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் வந்து பார்த்தால், கார் நிறுத்தும் இடத்தில் சிமெண்ட் பூந்தொட்டிகள் வரிசையாக இருந்தன. சந்திரசேகரன் கேட்டுக்குள் கைகட்டி நின்றார். ஐரின் இறங்கி அவரெதிரே போனாள்.

"நீங்க பண்ணல" என்றாள். "சாம்பார் கொட்டிக் கெட்டிருக்கு. என் தப்பு."

அவர் தெருப்பக்கம் திரும்பி, "எல்லாரும் கேட்டுக்குங்க! இவ தப்பாம்!" என்று கத்தினார். "காலைல கத்தின மாதிரியே சத்தமா சொல்லு. கேக்கல!"

மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள் ஐரின். இனி கேட்பதாக இல்லை.

"சொன்னது சொன்னதுதான். தொட்டிய எடுங்க."

"எடுக்க மாட்டேன். இன்னா பண்ணுவ?"

அவள் ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கி அவர் கேட்டின் முன்னால் அடைத்து வைத்தாள். கடைசித் தொட்டி கீழே விழுந்து உடைந்தது. வேண்டுமென்றேதான் போட்டாள் என்று சந்திரசேகரன் இன்றும் தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஐரின் அதை மறுத்ததே இல்லை.