தகரத்துக்குப் பின்னால் ஒரு தெரு

ஊரடங்கில் வீட்டில் உட்கார்ந்தபடியே ராயபுரத்தை இணையத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சுற்றிக்காட்டும் சாவியோவுக்குப் பணம் கொட்டுகிறது என்று பேச்சு. விசாரித்தால், கூட்டமாக அழைத்துப்போய் ஊர் காட்டும் தொழில் படுத்துவிட, அவர் கைபேசியும் முகக்கவசமுமாக வெயிலில் தனியே நடந்துகொண்டிருந்தார். கொட்டியது வியர்வைதான். பார்த்தவர் ஒரே ஒருவர், கனடாவில் இருக்கும் ஜானட். பிறந்த தெருவைக் காட்டச் சொல்லி முன்பணமும் அனுப்பியிருந்தார். அந்தத் தெரு முனையிலோ, தொற்று என்று தகரம் அடித்திருந்தார்கள்.

“தகரம் தெரியுதாக்கா?”

“அது தெரியுது. என் வூடு எங்க கீது?”

சாவியோ எரிச்சலோடு கைபேசியைத் தகரத்துக்கு மேலே தூக்கினார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்: “இன்னா நைனா, நோவுக்காரங்கள வச்சு படம் காட்டினு கீறியா? நவுரு.”

கை தானாக இறங்கியது.

சில வாரம் கழித்து அவர்கள் தகரத்தைக் கழற்றியபோது ஜானட்டின் எண் மாறியிருந்தது. வாங்கிய காசுக்கு ஒரு தெரு இன்னும் பாக்கி.